அழித்ததைக் காட்டு

நூலகம் என்கிறோம்,
உள்ளே ஒரு புத்தகமும் கிடையாது.
முப்பத்தெட்டு கேபி.
சில்க் போர்டு சிக்னலில் ஒரு பஸ் நகர்வதற்குள்
நூறு தடவை இறங்கிவிடும்.
யாரோ ஒருத்தர் தனியாய் எழுதியது;
மூன்று வருடமாய் அவரும் அதைத் தொடவில்லை.
வேர்டு கோப்பை வாங்கிப் பிரித்து
பத்தி பத்தியாய் உலாவியில் விரிக்கும்.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

பொம்மனஹள்ளியில், டயர் கடைக்கு மேலே
பூர்ணிமா மேடத்தின் வக்கீல் அலுவலகம்.
வருகிற எல்லோருக்கும் ஒரே கணினி.
திறந்த கோப்பெல்லாம் இறங்கி இறங்கி
டவுன்லோட்ஸில் குவிந்து கிடந்தது:
செட்டில்மென்ட், செட்டில்மென்ட் (1),
செட்டில்மென்ட் (16).
ஒருத்தியின் கருச்சிதைவுச் சான்றிதழை
அடுத்து உட்கார்ந்தவள் தெரியாமல் திறந்துவிட்டாள்.
இரண்டு பேரும் ஒரே லைனில் தைப்பவர்கள்.

அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.
"எதுவும் இறங்கவே கூடாது.
பார்க்கணும், மூடணும். உள்ளங்கை மாதிரி."
சுலபம் என்று சொல்லித் தொலைத்தேன்.

அட்டவணைகள் வலது பக்கம் வழிந்தன.
கன்னட எழுத்துகள் வெறும் கட்டங்களாய் நின்றன.
கம்பெனி முத்திரை மட்டும்
ஒவ்வொரு பக்கத்திலும்
பளிச்சென்று வந்து உட்கார்ந்தது.

கோத்து வைத்தது கோப்பு.
கோக்க நூல் வேண்டும்.
நூல் இருக்கும் இடம் நூலகம்.
ஷிப்ட் விட்டு, கழுத்தில் அடையாள அட்டையும்
துப்பட்டாவில் ஒட்டிய பிசிறுமாய்
கீழே நூறு பேர் நடந்து போனார்கள்.
இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.
எங்களுக்கு மணிக்கு எண்பது காலர், என்பார்கள்.

சோதனைக்கு மேடம் தந்த கோப்பு அஞ்சுகத்தினுடையது.
ஊர் ராயக்கோட்டை.
வெட்டும் மெஷின். வலது கை. இரண்டு விரல்.

மேடத்தின் வேர்டில் திறந்தால்
'இழப்பீடு ரூபாய் ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.'
என் பக்கத்தில் திறந்தால்
'இழப்பீடு ரூபாய் நான்கு லட்சத்து இருபதாயிரம்
ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.'

மறுபடி ஏற்றினேன். அதேதான்.
கோப்பின் தையலைப் பிரித்தேன்.
அழித்த வார்த்தையை வேர்டு தூக்கி எறிவதில்லை.
அழிக்கப்பட்டது என்று ஒரு சீட்டு ஒட்டி
அழித்தவர் பெயரும் நேரமும் எழுதி
அங்கேயே மடித்து வைக்கிறது:
மார்ச் ஒன்பது, மாலை ஆறு பதினொன்று.
எதை மறைக்க வேண்டுமென்று
பெரிய மென்பொருளுக்குத் தெரியும்.
இந்தச் சின்னதுக்கு
அந்தச் சீட்டைப் படிக்க யாரும் கற்றுத்தரவில்லை.
இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டது.

பிழைப் பட்டியலில் எழுதினேன்.
எண் 23. அழித்த உரை தெரிகிறது.
சரிசெய்ய: பத்து நிமிடம்.
எழுதிவிட்டு டீக்கு இறங்கினேன்.
டயர் கடையில் ஒரு பையன்
ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான்.
குமிழி வந்த இடத்தில்
சாக்பீஸால் ஒரு வட்டம்.

டீயை முடிக்காமல் மேலே ஏறினேன்.
மேடம் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்,
திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.
"இதை மட்டும் சரிபண்ணிடாதே. இன்னைக்கு வேண்டாம்."
பிரிண்டர் மூன்று முறை பேப்பரைக் கடித்து
நான்காவதில் விட்டது.

இப்போது பக்கத்தின் மேல்மூலையில்
சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது:
அழித்ததைக் காட்டு.
23 முடிந்தது என்று குறித்துவிட்டேன்.
நூலகம் எழுதியவருக்கு நன்றி அனுப்பினேன், பதில் இல்லை.
வழக்கு ஜூலைக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

போன வாரம் அஞ்சுகம் வந்தாள்.
இடது கையால் மௌஸைப் பிடித்து
பொத்தானை அமுக்கினாள். திரும்ப அமுக்கினாள்.
நான்கு லட்சத்து இருபதாயிரம்
வந்தது, போனது, வந்தது.
அவள் தொகையைப் பார்க்கவில்லை.
"ஆறு பதினொன்னு," என்றாள்.
"அன்னைக்கு சாயங்காலம்தான்
கட்டுப் பிரிச்சாங்க."